எண், தகடு, பலகைச் சாலை: பழைய பிரெஞ்சுப் பந்தயக் கார்களை இனங்காண்பது குறித்து

பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா இணையத் தொகுப்பில் ரோல் என்னும் செய்திப்பட முகமையின் பெயரைத் தேடினால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கண்ணாடி நெகட்டிவ்கள் பக்கம் பக்கமாக விரிகின்றன. 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த முகமை மோட்டார் பந்தயங்களை விடாமல் படம் பிடித்தது. பல தகடுகளின் ஓரத்தில் தேதி, ஊர், ஓட்டுநர் பெயர், கார் பெயர் ஆகியவை கையால் எழுதப்பட்டிருக்கும். அவசரத்தில் எழுதியவை என்பதால் எழுத்துப்பிழைகளும் ஆள்மாறாட்டங்களும் அவற்றில் உண்டு. சில தகடுகளில் அதுவும் இல்லை. புழுதியைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தில் சாயும் ஒரு வண்டி, அதில் கண்ணாடி அணிந்த இருவர், வேலிக்கு அப்பால் தொப்பிகள். இது எந்தக் கார் என்ற கேள்விக்கு விடை தேடுவதே சில ஆண்டுகளாக என் மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொள்ளும் வேலை.

ரெனோ, பெஜோ போன்ற பெரிய நிறுவனங்களின் வண்டிகளை இனங்காண்பதில் பெரிய சிரமம் இல்லை. அல்சியோன், கிரெகுவார், ரோலான்-பிலான், கோர், வுல்பெஸ், மோட்டோபிளாக், வினோ-தெகேங்கான் போன்ற பெயர்களிடம்தான் சிக்கல் தொடங்குகிறது. அன்றைய பிரான்சில் சிறு பட்டறைகள்கூடத் தம் பெயரில் கார்களை விற்றன. விற்பனைக்கு விளம்பரம் தேவைப்பட்டது. பந்தயமே மலிவான விளம்பரம். ஆகவே ஓரிரு பருவங்கள் மட்டும் ஓடிவிட்டு மறைந்த கார்கள் ஏராளம். அவற்றில் மிகச் சிலவே இன்று முழு உருவில் எஞ்சியுள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க வண்டி இல்லாதபோது, படத்தைப் படத்தோடுதான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் ரேடியேட்டரைப் பார்க்கிறார்கள். காரின் முகம் அதுதான் என்பதால் அது இயல்பு. சில இடங்களில் அது உடனே பலனும் தரும். ரெனோவில் ரேடியேட்டர் முன்னால் இல்லாமல் எஞ்சினுக்குப் பின்னால் இருந்ததால், அதன் பானெட் முன்பக்கம் சரிந்து மழுங்கி நிற்கும். ஹாட்ச்கிஸ் வட்ட முகத்தை வைத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சரிந்த பானெட் ரெனோவின் தனிச்சொத்து அல்ல. ஷாரோன், கிளெமான்-பயார், தே. ஷ்நைடர் ஆகியவையும் வெவ்வேறு ஆண்டுகளில் அதே அமைப்பைக் கையாண்டன. சிறு நிறுவனங்களின் நிலை இன்னும் மோசம். அவற்றில் பல உண்மையில் கார்களைத் தயாரிக்கவில்லை, பொருத்தின. எஞ்சினைத் தெ தியோன்-பூத்தோனிடமோ அஸ்தேரிடமோ பூஷேயிடமோ வாங்கினார்கள். சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தை ஓபெர்வில்லியேயில் இருந்த மாலிசே எ பிளேனிடம் வாங்கினார்கள். ரேடியேட்டரைக் குரூவெல் எ ஆர்க்கெம்பூர் போன்ற தனித் தயாரிப்பாளரிடம் வாங்கினார்கள். ஒரே கடையில் முகம் வாங்கிய இரு கார்களை அந்த முகத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இதனால்தான் தயாரிப்பாளர் பெயரைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்கிறேன். எந்த ஆண்டு, எந்தப் பந்தயம், எந்த விதிமுறை என்பவை முடிவான பிறகு அந்தப் பந்தயத்தின் பங்கேற்பாளர் பட்டியலைக் கையில் எடுத்தால், முந்நூறு பெயர்களாக இருந்த சந்தேகம் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடுகிறது. ரேடியேட்டர் அதற்குப் பிறகே பேசத் தொடங்குகிறது.

ஆண்டைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது வண்டியில் எழுதப்பட்ட எண்ணை. எண் எத்தனை என்பதைவிட அது எழுதப்பட்ட முறை முக்கியம். பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப் 1906 ஜூன் 26, 27 ஆகிய இரு நாட்களில் லெ மான் நகருக்கு அருகே சார்த் சுற்றுப்பாதையில் நடத்திய முதல் கிராண்ட் பிரீயில், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் எண்ணும், அந்த அணியின் ஒவ்வொரு காருக்கும் ஏ, பி, சி என்ற எழுத்தும் தரப்பட்டன. வென்ற ஃபெரென்ஸ் சிஸ் ஓட்டிய ரெனோவின் அடையாளம் 3 ஏ. அடுத்த ஆண்டு தியேப்பில் இந்த முறை தலைகீழானது. தயாரிப்பாளரின் முதலெழுத்து முன்னாலும் எண் பின்னாலும் வந்தன; ஃபியட்டில் வென்ற நாட்ஸாரோவின் கார் எஃப் 2, லோரேன்-டீட்ரிஷின் கார்கள் எல்.டி. என்று தொடங்கின. 1908இல் மீண்டும் தியேப்பில் எழுத்துகள் நீங்கி வெறும் எண்கள் மட்டும் நின்றன. வெற்றி பெற்ற லாவுடன்ஷ்லாகரின் மெர்சிடிஸ் 35. எண்ணுக்குப் பின் எழுத்தா, முன் எழுத்தா, எழுத்தே இல்லையா என்று பார்த்தாலே இம்மூன்று ஆண்டுகளின் கிராண்ட் பிரீ படங்களைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம். மங்கிய படத்தில் எண் முழுதாகத் தெரியாவிட்டாலும், பக்கத்தில் எழுத்தொன்று இருப்பதற்கான இடைவெளி தெரிந்தால்கூடப் போதும்.

ஆனால் எண்ணை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. 1906இல் லெ மானில் ஓடிய அதே வண்டிகளில் சில அந்தக் கோடையிலேயே பெல்ஜியத்தின் ஆர்தென் சுற்றுப்பாதைக்கும், இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் கோப்பைக்கும் சென்றன; ஒவ்வோர் இடத்திலும் வேறு எண். பயிற்சி ஓட்டத்தில் எடுத்த படங்களில் எண்ணே இராது. அஞ்சலட்டை அச்சிட்டு விற்றவர்கள் அந்தப் பயிற்சிப் படங்களைப் பந்தயப் படங்கள் என்றே விற்றார்கள். அட்டையின் அடியில் அழகாக அச்சான பெயரைவிட, தகட்டின் மூலையில் கிறுக்கியிருக்கும் தேதியை நான் பலமடங்கு நம்புகிறேன். புகைப்படக்காரருக்குத் தேதியைத் தவறாக எழுதக் காரணம் குறைவு. அட்டை விற்பவருக்குப் புகழ்பெற்ற பெயரைப் போட்டுவிடக் காரணம் நிறைய.

விதிமுறைகளுக்கு வருகிறேன். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒவ்வோர் ஆண்டும் பந்தய அமைப்பாளர்கள் வகுத்த கட்டுப்பாடு வண்டியின் உருவத்தையே வளைத்தது. 1906இல் எடை 1,000 கிலோவைத் தாண்டக் கூடாது என்றார்கள். எரிபொருளைப் பற்றவைக்கும் மின்பொறியைத் தரும் மேக்னெட்டோ பொருத்தியிருந்தால் கூடுதலாக 7 கிலோ சலுகை. எஞ்சின் அளவுக்கு வரம்பில்லை. விளைவு, ஏறத்தாழ 13 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சினும் அதன் பின்னால் எலும்புக்கூடு போன்ற உடலும். பக்கச் சுவர்கள் இல்லை, இருக்கைகள் நடுங்கும் வாளிகள், டயர்களும் கருவிகளும் வெளியே. 1907இல் 100 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் எரிபொருள் என்ற வரம்பு வந்தது. 1908இல் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குச் சிலிண்டர் விட்டம் 155 மி.மீ. என்றும், குறைந்தபட்ச எடை 1,100 கிலோ என்றும் மாற்றினார்கள்.

இந்த வளைவின் உச்சத்தைக் காண வேண்டுமானால் சிறு கார்களின் பந்தயத்துக்குப் போக வேண்டும். லோத்தோ நாளிதழ் நடத்திய வாத்யூரெத் கோப்பையில் சிலிண்டர் விட்டத்துக்கு மட்டும் கடிவாளம் போட்டார்கள். 1908இல் ஒற்றைச் சிலிண்டருக்கு 100 மி.மீ. பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்கலாம் என்பதற்குத் தொடக்கத்தில் தடையில்லை. பக்கவாட்டில் வளர முடியாத எஞ்சின் மேல்நோக்கி வளர்ந்தது. 1909இல் லியோன்-பெஜோவின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் விட்டம் 100, வீச்சு, அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 250 மி.மீ. மறு ஆண்டு அதே நிறுவனத்தின் வி வடிவ இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் விட்டம் 80, வீச்சு 280 மி.மீ. ஓட்டுநர் பானெட்டுக்கு மேலாகப் பார்க்க முடியாமல் பக்கத்தில் தலையை நீட்டிப் பாதையைப் பார்த்தார். பெட்டி போல் உயர்ந்த பானெட்டும் அதன் கீழே மெலிந்த சக்கரங்களும் கொண்ட ஒரு சிறு காரைக் கண்டால், ஆண்டு 1908க்கும் 1910க்கும் இடைப்பட்டது என்று பெயர் தெரியாமலேயே சொல்லிவிடலாம். 1911இல் கோப்பையின் விதி மொத்தக் கொள்ளளவு 3 லிட்டர் என்று மாறியதும் பானெட் மளமளவென்று தாழ்ந்துவிட்டது. அந்த ஆண்டு வென்றது பாப்லோ ஓட்டிய டெலாஜ். அதை ஓராண்டு முந்தைய லியோன்-பெஜோவுக்கு அருகில் வைத்தால் இரண்டும் ஒரே கோப்பைக்காகப் போட்டியிட்டவை என்று நம்புவது கடினம்.

சிறு கார்களிலேயே மிக எளிதாகப் பிடிபடுவது சிசேர்-நோதேன். 1906 முதல் 1908 வரை தொடர்ந்து மூன்று முறை அந்தக் கோப்பையை வென்ற வண்டி அது. முதல் முறை ஜோர்ஜ் சிசேரும் அடுத்த இரு முறை லூயி நோதேனும் ஓட்டினார்கள். அதன் முன்சக்கரங்களை இணைக்கும் வழக்கமான அச்சு கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே செங்குத்துத் தண்டில் ஏறி இறங்கும். குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங் போகும். முன்னிருந்து எடுத்த எந்தப் படத்திலும் இது தெளிவாகத் தெரிகிறது. இத்தனை தெளிவான அடையாளம் இருந்தும் அவ்வண்டி தெ தியோன் என்றும் டெலாஜ் என்றும் விற்பனைப் பட்டியல்களில் பெயரிடப்பட்டுக் கிடப்பதைப் பார்த்தால், மக்கள் ரேடியேட்டருக்குக் கீழே கண்ணை இறக்குவதே இல்லையோ என்று தோன்றுகிறது.

சக்கரங்களும் பிரேக்குகளும் காலத்தைக் காட்டும். 1906இல் ரெனோ, ஃபியட், கிளெமான்-பயார் அணிகளின் கார்களில் மிஷ்லேன் நிறுவனத்தின் கழற்றி மாட்டும் விளிம்புகள் இருந்தன. மற்றவர்கள் பஞ்சரான டயரைக் கத்தியால் அறுத்தெடுத்துப் புதியதை மாட்ட வேண்டியிருந்தது. 1908 கிராண்ட் பிரீயில் விளிம்பைக் கழற்றலாம், முழுச் சக்கரத்தைக் கழற்றக் கூடாது என்ற விதி இருந்தது. அதனால்தான் பிரிட்டனின் நேப்பியர் வரவில்லை. ஆகவே நடுவில் ஒரே பெரிய மரையுடன் கூடிய கம்பிச் சக்கரங்கள் கொண்ட பிரெஞ்சு கிராண்ட் பிரீ காரை 1908 என்று யாராவது சொன்னால் நான் உடனே ஐயப்படுவேன். 1914இல் லியோன் நகரில் நடந்த கிராண்ட் பிரீயில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் வைத்துக்கொண்டு வந்தவை பெஜோ, டெலாஜ், ஃபியட், பிக்கார்-பிக்தே ஆகிய நான்கு மட்டுமே. முன்சக்கரத்தின் உட்புறம் பிரேக் உருளை தெரிந்தால் அந்த நான்கில் ஒன்றுதான் என்று அங்கேயே நிறுத்திவிடலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராண்ட் பிரீக்கு முன் நாடுகளுக்கிடையே நடந்த கோர்டன் பென்னெட் கோப்பை நாட்களிலிருந்தே பிரெஞ்சு கார்கள் நீலம் பூசப்பட்டன, ஜெர்மானியர்களுக்கு வெள்ளை. அன்றைய தகடுகள் நீல ஒளிக்கு அதிகமாகவும் சிவப்புக்கு அநேகமாக ஒன்றுமில்லாமலும் வினைபுரிந்தன. எனவே நீலக் கார் படத்தில் வெளுத்துப்போய்க் கிட்டத்தட்ட வெள்ளையாகவும், இத்தாலியச் சிவப்பு கறுப்பாகவும் பதிவாகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெளுத்த காரையெல்லாம் மெர்சிடிஸ் அணியில் சேர்ப்பவர்கள் உண்டு. இப்போது கணினி வழியாக வண்ணம் ஏற்றிய படங்கள் வேறு வெள்ளமாக வருகின்றன. தகடு எப்படிப் பதிவு செய்தது என்ற அறிவு அந்தக் கணினிக்கு இல்லை. சாம்பலைப் பார்த்துத் தோன்றிய நிறத்தைப் பூசுகிறது. அந்தப் படங்களை ஆதாரமாகக் காட்டி நடக்கும் விவாதங்களில் நான் கலந்துகொள்வதில்லை.

தகடு நிறத்தை மட்டுமல்ல, உருவத்தையும் மாற்றும். ஜாக்-ஆன்ரி லார்த்தீக் எடுத்த உலகப் புகழ்பெற்ற பந்தயப் படம் ஒன்று உண்டு. காரின் முன்பாதி சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. பின்சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்கிறது. பின்னணியில் நிற்கும் மனிதர்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள். அக்காலக் கேமராவில் ஷட்டர் என்பது தகட்டுக்கு முன்னால் நகர்ந்து செல்லும் ஒரு பிளவு. பிளவு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் கார் நகர்ந்துவிடுவதால், சக்கரத்தின் அடிப்பகுதி ஒரு கணத்திலும் மேற்பகுதி இன்னொரு கணத்திலும் பதிகின்றன. லார்த்தீக் கேமராவையும் காரோடு சேர்த்துத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு ஈடாக அல்ல. அதனால் கார் ஒரு பக்கமும் மக்கள் மறுபக்கமும் சாய்ந்தார்கள். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு அது உலகம் சுற்றியது.

அந்தப் படத்துக்கு நெடுங்காலம் வழங்கிய விளக்கம்: டெலாஜ் கார், தியேப் கிராண்ட் பிரீ, 1912 ஜூன் 26. அது பொருந்தவில்லை என்பதை நிறுவ ரேடியேட்டர் தேவைப்படவில்லை. படத்தில் ரேடியேட்டரே இல்லை. டெலாஜ் 1912 கிராண்ட் பிரீயில் கலந்துகொள்ளவே இல்லை என்ற ஒற்றைச் செய்தியிலேயே அந்த விளக்கம் நொறுங்கிவிடுகிறது. எண்கள் தெளிவாகத் தெரியும் கார் அது, 6. பங்கேற்பாளர் பட்டியல்களோடு ஒப்பிட்டவர்கள் வந்து சேர்ந்த, இன்று பரவலாக ஏற்கப்படும் முடிவு, அது 1913 ஜூலை 12 அன்று அமியானில் நடந்த கிராண்ட் பிரீயில் குரோக்கே ஓட்டிய தே. ஷ்நைடர் என்பது. டெலாஜ் கார்கள் அமியானில் ஓடின என்பதைக் கவனிக்க வேண்டும். இருந்தும் பல கண்காட்சிகளிலும் ஏலப் பட்டியல்களிலும் பழைய பெயரே தொடர்கிறது. படத்தின் அழகுக்கு இது எந்தக் குறையும் செய்யாது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் பெசான்சோனுக்கு அருகே இருந்த அந்தச் சிறு நிறுவனம் தன் வாழ்நாளில் பெற்ற மிகப் பெரிய விளம்பரத்தை இன்னொருவர் பெயரில் விட்டுவைப்பது எனக்கு உறுத்துகிறது.

இந்தப் படம் இன்னொன்றையும் எச்சரிக்கிறது. படத்தில் சக்கர விட்டத்தையும் இரு அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் அளந்து, விகிதம் கணக்கிட்டுக் காரை முடிவு செய்யும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் காருக்கு அது சரி. ஓடும் காரில், நகரும் பிளவு எல்லா அளவுகளையும் இழுத்துவிடுகிறது. எடை பார்க்கும் இடத்தில் எடுத்த படங்களை நான் விரும்புவதற்கு இதுவே காரணம்: கார் அசையாமல் நிற்கும், அருகில் அதிகாரிகள், பின்னால் அடுத்த அணியின் கார். 1906இல் பதிவு செய்த 34 கார்களில் 32 மட்டுமே புறப்பட்டன. எடை மிகுந்ததால் நின்றுபோன வுல்பெஸும் ஒரு கிரெகுவாரும் மீதி இரண்டு. ஆகவே அந்தக் கிராண்ட் பிரீயில் பாதையில் பாய்ந்தோடும் வுல்பெஸ் என்று ஒரு படம் கிடைத்தால், படமோ பெயரோ தவறு.

ஆட்களைக் கொண்டும் இதேபோல் விலக்கலாம். விக்தோர் எமரி 1905, 1906இல் டராக், 1908இல் பென்ஸ், 1911இல் ஃபியட், 1912இல் லோரேன்-டீட்ரிஷ் என்று மாறிமாறி ஓட்டினார். அவர் முகம் தெரிந்தால் ஆண்டும் நிறுவனமும் ஒன்றையொன்று சரிபார்க்கும். ஆல்பேர் கிளெமான் 1906இல் லெ மானில் மூன்றாவதாக வந்தவர். 1907 மே மாதம் தியேப் சுற்றுப்பாதையில் பயிற்சி செய்தபோது விபத்தில் இறந்துபோனார். ஜூலையில் நடந்த பந்தயத்தில் அவரைக் காட்டும் எந்த விளக்கமும் செல்லாது. நிறுவனப் பெயர்களும் இப்படியே. ஜோர்ஜ் ரிஷார் பிரிந்து சென்று யூனிக் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு, ஓட்டுநர் லியோன் தெரி இரு முறை கோர்டன் பென்னெட் கோப்பையை வென்ற ரிஷார்-பிரேசியே வெறும் பிரேசியே ஆனது. 1906 படத்தில் பழைய பெயர் இருந்தால் எழுதியவர் பழக்கதோஷத்தில் எழுதியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

பாதையே தேதி சொல்லும் இடங்களும் உண்டு. 1906இல் சேன்-காலே ஊருக்குள் நுழையாமல் சுற்றிப்போக மரப்பலகைகளால் தற்காலிகச் சாலை போட்டார்கள். பலகைகள் மீது ஓடும் கிராண்ட் பிரீ கார் என்றால் வேறு ஆண்டைத் தேட வேண்டியதில்லை. 1908இல் தியேப்பில் பார்வையாளர் மேடைக்கு எதிரே பள்ளம் தோண்டி அதில் அணிகளின் பட்டறைகளை வைத்தார்கள். கார் நிற்க, தரைமட்டத்தில் தலைகள் மட்டும் தெரியும் படங்கள் அங்கிருந்து வந்தவை. பின்னணியில் தேவாலயக் கோபுரமோ பாலமோ இருந்தால் இன்றைய தெருப் படங்களோடு ஒப்பிட்டு ஊரைக் கண்டுபிடிப்பது பல சமயம் காரைக் கண்டுபிடிப்பதைவிட எளிது.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னைத் தடுமாற வைப்பவை வயதான கார்கள். கோப்ரோன்-பிரில்லியே அதற்குச் சிறந்த சான்று. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக இயங்கும் எஞ்சினும் குழாய்களால் ஆன சேசிஸும் கொண்ட அந்த வண்டி 1903இல் உருவானது. 1904 ஜூலை 21 அன்று பெல்ஜியத்தின் ஓஸ்தெந்தில் லூயி ரிகோலி அந்த வகைக் காரில் மணிக்கு 166 கிலோமீட்டருக்கு மேல் சென்று, நூறு மைல் வேகத்தை முதலில் தாண்டியவரானார். அதே ரிகோலி, அதே பழைய வடிவ வண்டியோடு 1906, 1907 கிராண்ட் பிரீகளிலும் வந்து நின்றார். வண்டியின் உருவத்தை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவர் 1903 என்பார். எண்ணின் அமைப்பு 1907 என்னும். எண்தான் சரி. 1911இல் லெ மானில் தனியாக நடத்தப்பட்ட பிரான்ஸ் கிராண்ட் பிரீயில் நிலைமை இன்னும் வேடிக்கை. பழையவையும் புதியவையும், பெரியவையும் பொம்மை போன்றவையும் கலந்து வந்ததால், பழைய லொடக்குகளின் கிராண்ட் பிரீ என்றே பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. எமரியின் பெரிய ஃபியட் வென்றது. இரண்டாவதாக வந்தது 1.3 லிட்டர் எஞ்சினுடன் ஃபிரிதெரிக் ஓட்டிய குட்டி புகாட்டி. அந்தப் பந்தயத்தின் படம் என்று தெரிந்துவிட்டால் உருவத்தைக் கொண்டு காலம் கணிக்கும் முறை எதுவும் உதவாது.

கடைசியில் விளக்கம் எழுதும்போது எவ்வளவு எழுதலாம் என்ற கேள்வி வரும். 1908 ஜூலை 6 அன்று தியேப்பில் நடந்த சிறு கார்களின் கிராண்ட் பிரீயை ஆல்பேர் கியோ ஓட்டிய டெலாஜ் வென்றது. அந்த அணியின் எல்லாக் கார்களிலும் ஒரே எஞ்சின் இல்லை. சிலவற்றில் தெ தியோன் எஞ்சினும் ஒன்றில் கோசான் வடிவமைத்த வேறு எஞ்சினும் இருந்தன. பானெட் மூடியிருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்ல எண்ணும் ஓட்டுநரும் மட்டுமே உதவும். எண் தெரியாத, ஓட்டுநரின் முகம் புழுதியில் மறைந்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் கீழே டெலாஜ், தியேப், 1908 ஜூலை என்று எழுதி, ஓட்டுநருக்கும் எஞ்சினுக்கும் உரிய இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன்.